தவிட்டுக்குப் போனவன்

...தும்மல் வந்தால் வாயைத் திறந்துகொண்டுதான் தும்ம வேண்டும், மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது, படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை, டாக்டர் தேவமணி சொன்ன எதையும் மூக்கு ஆப்பரேஷன் முடிந்த இந்த ஏழு நாளில் நான் மீறவில்லை, பள்ளிக்கூடத்தில் இவ்வளவு ஒழுங்காக இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன், இன்று கட்டைப் பிரிக்கிறார்கள், அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், மூக்கின்மேல் வெள்ளைக் கட்டு, கண்ணுக்குக் கீழே கத்திரிக்காய் நிறம் போய் இப்போது மஞ்சள், கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, என்ன அண்ணாச்சி, விழுந்துட்டியளா என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி பிரியதர்ஷினியை ஒரு மாதிரி பார்த்தார், அவள்தான் அடித்தாள் என்று நினைத்தாரோ என்னவோ, ஏழு மாத வயிற்றோடு அவள் தூங்கி வழிகிறாள், அவளுக்கும் இன்று அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனை. வெளியே வயல், வாய்க்கால், கல்லிடைக்குறிச்சி, எதற்கும் வாசனை இல்லை, வாசனை இல்லாத ஊர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடுவதுபோல் இருக்கிறது, ஆறுகூடச் சத்தமில்லாமல் எங்கேயோ கூடவே வருகிறது.

வாயால் மூச்சுவிட்டுத் தூங்குவது தூக்கமே இல்லை, பாதி மிதப்பது, இப்போதும் மிதந்துகொண்டுதான் இருக்கிறேனோ, கண்ணை மூடினால் அம்மா முறத்தோடு நிற்கிறாள், முறத்தில் நான் கிடக்கிறேன்... அதை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும், பிறந்து ஒரு நாள் ஆன பிள்ளை, கேட்டுக் கேட்டுப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. எனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் மாதம் முடியும் முன் போய்விட்டன, மூன்றாவதாக நான், இந்தப் பிள்ளை எங்களுக்கு வேண்டாம் என்று என்னைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள், தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் எட்டிக்கூடப் பார்க்க மாட்டானாம், அதோடு விட்டார்களா, வலப்பக்க மூக்கைக் குத்தி வளையம் போட்டு, பிச்சைக்கண்ணு என்று பெயரும் வைத்தார்கள். குத்தினது சீழ் பிடித்து மூக்கின் அந்தப் பக்கமே உள்ளே இறங்கிவிட்டது, ஓட்டை மட்டும் போகவில்லை, யோசனை வந்தால் விரல் தானாக அங்கே போய்த் தடவும், முப்பத்து நான்கு வருஷப் பழக்கம். என் போட்டோ ஸ்டுடியோவில் ஊரிலுள்ள மூக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் நேராக்கிக் கொடுக்கிறவன் நான், கல்யாணப் போட்டோவில் என் மூக்கு ஓட்டையை நானே அடைத்தேன், பிரியதர்ஷினி பார்த்துவிட்டு, இது யாரு என்று கேட்டாள்.

மூச்சுக்காகத்தான் ஆப்பரேஷன் என்று எல்லாரிடமும் சொன்னேன், அது பொய்யில்லை, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, வலப்பக்கம் இழுத்தால் ஒட்டிக்கொள்கிறது என்று டாக்டரே படம் போட்டுக் காட்டினார், காதுக்குப் பின்னாலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு எடுத்து முட்டுக் கொடுக்கலாம் என்றார், அப்போதுதான், அப்படியே அந்த ஓட்டையையும் அடைச்சிரலாமா டாக்டர் என்று மெதுவாகக் கேட்டேன், வெட்கமாக இருந்தது, அழகுக்கு ஆசைப்படும் வயதா இது... அவர் சிரிக்கவில்லை, தழும்பு மெல்லிய கோடாக நிற்கும், வீக்கம் இறங்கி முழு வடிவம் வர ஒரு வருஷம் ஆகும், கண்ணாடியைப் பார்த்து அவசரப்படக் கூடாது என்று மட்டும் சொன்னார். வீட்டில் அம்மாதான், அந்த ஓட்டைய மட்டும் அடைக்காதல, மத்தத என்ன வேணாலும் செஞ்சுக்கோ என்றாள். நான் கேட்கவில்லை, போன வருஷமும் கேட்கவில்லை, எங்கள் பையன் பிறந்தபோது அவனுக்கு மூக்குக் குத்த வேண்டும் என்று அம்மா வந்து நின்றாள், என் மூக்கைக் கெடுத்தது போதாதா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கத்தினேன், ஒன்பது நாள் இருந்தான், இருதயத்தில் பிறவிக் கோளாறு என்று எழுதிக் கொடுத்தார்கள், மூக்குக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு சம்பந்தமும் இல்லை, எனக்குத் தெரியும், தெரிந்தும் எத்தனை தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். இப்போதும் ஆப்பரேஷன் அன்று காலையிலிருந்து என்னோடு பேச்சில்லை, என் பக்கம் திரும்புவதுகூட இல்லை, கஞ்சி பக்கத்து வீட்டு முத்துராணி மயினி, எனக்கு அண்ணி முறை, கொண்டு வருகிறாள், மூணு வேளையும், பெற்றவள் அடுப்படியில் இருக்க அடுத்த வீட்டுக் கஞ்சி, அவ்வளவு கோபமா அம்மா என் மேல், எனக்கு அழுகைதான் வந்தது, அழுதால் மூக்கு அடைக்குமே என்று அதையும் விழுங்கினேன்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, சேரன்மகாதேவி தாண்டும்போது பிரியதர்ஷினி கண்ணைத் திறந்து, என்ன அத்தையப் பத்திப் பொலம்புதிய என்றாள். பெற்ற பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி தர மனசில்லை, இவ்வளவு வைராக்கியம் ஆகாது என்றேன். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து, பைய சொன்னாள்.

"அத்தைக்கு ஒங்க மேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல. ஆப்பரேஷனுக்குப் போன அன்னைக்குக் காலைல ஒங்கள முத்துராணி மயினிக்குக் குடுத்துட்டாவ. கட்டு பிரிக்கித வரைக்கும் நீங்க அவிய புள்ள. அதான் பேசல, அதான் கஞ்சியும் அங்கன இருந்து வருது."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, சிரிக்காதீங்க, தையலு இழுக்கும் என்றாள், முப்பத்து நான்கு வயதில் இன்னொரு தடவை விற்றிருக்கிறார்கள், ஸ்டுடியோ வைத்திருக்கிறவனை, மயினியை நான் இனி என்னவென்று கூப்பிடுவது, ஏழு நாள் என்னைப் பார்க்காமல், தொடாமல், பெயர் சொல்லாமல், அடுப்படியில் இருந்துகொண்டே அவள் எப்படிப் பொறுத்தாள்... உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன், தெரியும் என்றாள், சொன்னா நீங்க சத்தம் போடுவிய, அதனால சொல்லல என்றாள், நியாயந்தான், போட்டிருப்பேன். பத்தமடை வந்து போனது.

பாளையங்கோட்டையில் டாக்டர் தேவமணி கட்டை ஈரப்படுத்தி ஈரப்படுத்தி உரித்தார், வலிக்காது, கொஞ்சம் கூச்சமாக இருக்கும் என்று சொல்லி, உள்ளே வைத்திருந்த தகடு இரண்டையும் ஒவ்வொன்றாக இழுத்தார், மூளையையே பிடித்து இழுப்பதுபோல் இருந்தது, கண்ணில் நீர் கொட்டியது, அப்புறம்... காற்று. இரண்டு பக்கமும். குளிர்ந்த காற்று, நெற்றி வரை போகிறது, இவ்வளவு நாளும் எல்லாரும் இப்படித்தான் மூச்சுவிட்டார்களா, என்னிடம் ஒருவரும் சொல்லவே இல்லையே, ஸ்பிரிட் வாசனை, டாக்டரின் கை சோப்பு வாசனை, ஒவ்வொன்றாக எங்கிருந்தோ திரும்பி வருகின்றன. கண்ணாடியில் யாரோ ஒருவர், வீங்கின மூக்கு, பரவாயில்லை, நேராகத்தான் இருக்கிறது, நான் ஆசைப்பட்டதுதான். விரல் தானாக வலப்பக்கம் போனது, அங்கே ஒன்றும் இல்லை, ஒரு கோடு, மரத்துப்போன தோல், விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, ஏனோ எனக்குப் பயமாக இருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கட்டு பிரிச்சாச்சா என்று கேட்டாள், பெயர் இல்லை, ஏலே இல்லை, யாரோ வீட்டுப் பிள்ளையிடம் கேட்பதுபோல. பிரிச்சாச்சும்மா. மூச்சு வருதா? வருது, ரெண்டு பக்கமும் வருது. பிறகு, "அப்ப இரு. முத்துராணிக்குத் தவிட்டக் குடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிப் போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனாள், அவள் நடக்கும் சத்தம் கேட்டது, பிறகு கோழி, பிறகு ஒன்றும் இல்லை. நான் போனைக் காதில் வைத்தபடி இருந்தேன், வைத்துவிட மனம் வரவில்லை. பிரியதர்ஷினி தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "நம்ம புள்ளைக்கும் மயினிட்டச் சொல்லி வச்சிருக்கேன். மூக்கும் குத்திரணும்னு அத்தை சொல்லுதாவ" என்றாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, இவள்தான் இந்த ஆப்பரேஷனுக்கு என்னைப் பிடித்துத் தள்ளியவள், இவளா, ஒன்பது நாள் பிள்ளையை மடியில் வைத்திருந்தவள், இவளிடம் நான் எதைச் சொல்ல, கத்த வேண்டும், சிரிக்க வேண்டும், இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான் வாயைத் திறந்தேன். "மூக்குக் குத்த வேண்டாம், பிரியா. தவிடு மட்டும் போதும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். போனில் இன்னும் யாரும் வரவில்லை, மூச்சு தாராளமாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது, போதும் என்றேனே... யாருக்குப் போதும், யாரிடம் பேரம் பேசினேன் நான்?