சித்தியின் கீழுதடு

...பாஸ்தானே, பிறகென்ன, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளரே முதுகில் தட்டிவிட்டார், பல் மருத்துவக் கல்லூரி வாசலில் ஐஸ்கிரீம் கப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தியின் முகத்தை மட்டும் ஏன் பார்க்க முடியவில்லை, ஒரு சொத்தைக் கடைவாய்ப் பல்லைத்தானே பிடுங்கினேன்... தேர்வுக்கு நோயாளியை நாங்களே கூட்டி வர வேண்டும், பெண் பார்ப்பதைவிட மோசம், சரியான பல் சரியான தேதியில் கெட்டிருக்க வேண்டும், போன முறை நான் பிடித்து வந்த காவலாளி ஊசியைப் பார்த்ததும் கழுத்தில் கட்டிய துணியோடு ஓடிவிட்டார், கூடவே என் பாஸும் ஓடியது, அதனால்தான் மூன்று வாரம் முன்பு சித்தி பல்வலி என்றதும் எனக்குச் சந்தோஷம் வந்தது... வந்ததா இல்லையா, உண்மையைச் சொல். வந்தது. வேற டாக்டர்கிட்ட போயிடாத சித்தி, பரீட்சை வரைக்கும் தள்ளிப்போடு என்றேன், “உனக்காக ஒரு பல்லைப் பொத்தி வைக்க மாட்டேனாடா,” என்றாள்.

பொத்தி வைத்த பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்துவிட்டது. நரம்பு தாடைக்குள் நுழைகிற இடத்தில், நன்றாகப் பின்னால் தள்ளி மரத்துப்போகிற ஊசி போட்டிருக்க வேண்டும், அவ்வளவு ஆழம் போகத் துணியவில்லை, வீங்கிய ஈறின் ஓரத்திலேயே போட்டுவிட்டேன், தேர்வாளர் அப்போது பக்கத்து நாற்காலியில் இருந்தார். வந்ததும், மரத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, உதடு தடிச்ச மாதிரி இருக்காம்மா என்று கேட்டார், “ஆமாங்க, என் உதடு மாதிரியே இல்லீங்க,” என்றாள் சித்தி, அது முந்தின நாள் நான் சொல்லிக்கொடுத்த வசனம், ஒரு எழுத்து பிசகவில்லை... பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்தேன். அவள் தையல்காரி, நான் பல்லை அசைக்க அசைக்க அவள் வலது கால் நாற்காலியின் முனையை அழுத்தி அழுத்தி விட்டது, மெஷின் மிதிக்கிற பழக்கம் என்று நினைத்தேன், நினைத்தேனா, நினைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேனா... வலிக்குதா சித்தி என்றதற்கு, அழுத்துற மாதிரி இருக்கு, அவ்வளவுதான் என்று தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அதுவும் என் வசனம்தான்.

அப்புறம் வாய்மொழித் தேர்வு, சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போக வைக்கும் லிடோகேயின் ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்று கேட்டார், பொழிந்து தள்ளினேன், நரம்பின் சோடியம் வாசல்கள் திறந்தால்தான் வலி என்கிற செய்தி ஓடும் சார், மருந்து உள்ளே போய் வாசலை உள்பக்கமிருந்து அடைக்கும், சீழில் அமிலம் அதிகம், அமிலத்தில் மருந்து நரம்பின் உறையைத் தாண்டாது, வாசல் திறந்தே கிடக்கும் சார்... “பிரமாதம்பா, புரிஞ்சு படிச்சிருக்கே.” புரிந்து. விடுதி அறிவிப்புப் பலகையில் ‘வலி என்பது நோயாளியின் சொந்தக் கருத்து, கல்லூரி அதற்குப் பொறுப்பல்ல’ என்று எழுதி ஒட்டி நாலு வருடம் சிரிப்பு வாங்கியவன் நான், ஒரு நோயாளியும் அதைப் படித்திருக்க மாட்டார்...

சித்தி பல் பிடுங்கிய இடத்தில் கடித்திருந்த பஞ்சைத் துப்பிவிட்டு ஐஸ்கிரீமைச் சாப்பிட ஆரம்பித்தாள், கரண்டியிலிருந்து ஒரு சொட்டு கீழுதட்டின் இடது ஓரத்தில் விழுந்தது, ஊசி போட்ட பக்கம், மரத்த உதட்டுக்கு இரண்டு மணி நேரம் எதுவும் தெரியாது, இப்போது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை... ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சுட்டுவிரலால் அந்தச் சொட்டை, சரியாக அந்த இடத்தில், துடைத்தாள். துடைத்த விரல் அப்படியே நின்றது. “இன்னும் மரத்துதான்டா இருக்கு,” என்றாள். நான் கேட்கவே இல்லையே, இந்த வசனத்தை நான் சொல்லிக்கொடுக்கவும் இல்லையே...