ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கூட்டம்

குடிநீர் கேட்டு நகராட்சி வாசலில் நின்ற நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மனம்தான், அதற்கு வயது ஆறு என்று சமூகவியல் அறிஞர் அளந்து சொன்னார். மறுநாள் காலை கூட்டத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள்.

வகுப்பறை போதாததால் மைதானத்தில் உட்கார வைத்தார்கள். ஆசிரியை சொர்ணவல்லி பதிவேட்டில் 'கூட்டம்' என்று ஒரு பெயர் எழுதிக் கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர்" என்றது மைதானம். ஒன்பதாவது வரிசையிலிருந்து அவள் கணவர் அம்பலவாணனும் சொன்னார். தபால் நிலையத்தில் வேலை, நாற்பத்தொன்பது வயது, எட்டாம் நம்பர் செருப்பு.

வெள்ளிக்கிழமை மகள் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா கையால் கொடுத்தால்தான் தட்டு வாங்குவோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

இடைவேளையில் சொர்ணவல்லி அறிஞரிடம் போனாள். அவர் யாரோ ஒருவரின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டத்தின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க வீட்டுக்காரரை மட்டும் விட்டுருங்க."

"உள்ள போனவருக்குத் தனி மனசு கிடையாதும்மா. ஒருத்தர் நினைச்சா எல்லாருக்கும் தொத்திக்கும். அவருக்கு மட்டும் தெரிஞ்சதை அவர் மட்டும் சொல்லட்டும், கூட்டிட்டுப் போங்க."

அவள் ஒன்பதாவது வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, கல்யாணத்தன்னிக்கு மணவறையில என் காதுல என்ன சொன்னீங்க?"

"புகை கண்ணுல எரியுது, ஐயரைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்றார்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும். கடைசி வரிசையில் மீன் விற்கும் தெரசம்மாள், அம்பலவாணனைப் போலவே வெட்கத்தில் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

சொர்ணவல்லி கூட்டத்துக்கு ஒருநாள் விடுப்பு எழுதினாள்.

வெள்ளிக்கிழமை தெரு நிறைந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் எட்டிப் பார்த்தார்.

"பொண்ணோட அப்பா யாரு?"

"இவங்கதான்" என்று தெருவைக் காட்டினாள் சொர்ணவல்லி.

"அப்ப நிக்க வெச்சிருக்கீங்களே, உட்காரச் சொல்லுங்கம்மா."

தட்டு தெருக்கோடியிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. ஒரு வெற்றிலைகூடக் குறையவில்லை. சம்பந்தி அதை வாங்கிக்கொண்டதும் கூட்டம் பூங்கோதையைப் பார்த்தது. பிறகு சத்தமில்லாமல் அழுதது.

"அழாதீங்கப்பா, மூணு தெரு தள்ளித்தானே போறேன்" என்றாள் பூங்கோதை தெருவைப் பார்த்து.

சாப்பிட வந்திருந்த அறிஞர் இலையை மூடிவிட்டு எழுந்தார். ஆறு வயது இப்படி அழாது என்று சொல்லி மறுபடி அளந்தார். நாற்பத்தொன்பது வந்தது. அங்கேயே பள்ளியிலிருந்து பெயரை நீக்கி எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

சனிக்கிழமை காலை வாசல் தெளிக்க வந்த சொர்ணவல்லி, படியிலிருந்து தெருமுனை வரை கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்தாள். எல்லாம் எட்டாம் நம்பர்.