மலைக்கு இரண்டு டிக்கெட்

ஆபீசில் அவனுக்கு 'வடிகட்டி' என்று பெயர். கூரியர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவன் பொறுப்பு. மோசடி மெயில்களை வடிகட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, அவற்றை அவனே எழுதுவது.

சோதனைக்காகத்தான். அவ்வப்போது ஒரு போலி மெயிலைத் தட்டிவிடுவான். அதிலிருக்கும் லிங்க்கை யாராவது அழுத்தினால் திரை முழுக்கச் சிவந்து, 'ஏமாந்துவிட்டீர்கள்' என்று வரும். அழுத்தியவர்கள் அவனுடைய வகுப்பில் வந்து உட்கார வேண்டும்.

வகுப்பு காற்று வாங்கியது. ஒருவர் திரை சிவந்த அடுத்த நிமிடமே, வடிகட்டி வலை வீசிட்டான், யாரும் தொடாதீங்க என்று மாடிக்கு மாடி தகவல் பறந்துவிடும். மேலாளர் வேறு, உன் மெயிலை எங்க வீட்டு நாய்கூட நம்பாது என்று எல்லார் எதிரிலும் வாரிவிட்டார்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

இந்தத் தடவை சிவப்புத் திரையைப் பிடித்து நிறுத்திவைத்தான். வியாழக்கிழமை அழுத்துகிறவர்களுக்கு 'வாழ்த்துகள்' என்று மட்டும் வரும். உண்மை திங்கட்கிழமைதான் வெளியே வரும். மெயிலையும் மனசு கரைகிற மாதிரி எழுதினான். ஊழியர் நலத் திட்டம். மலைக்கு இருவர் இலவசமாகப் போய்வரலாம். விடிகாலையில் மேகம் உங்கள் காலுக்குக் கீழே நகரும். புதன்கிழமை புறப்பாடு, இன்றே உறுதி செய்யவும்.

மலை எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கவில்லை.

பார்சல் பிரிவு அக்காவிடமிருந்து வந்தது. அவள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மலையடிவாரக் கிடங்குக்கு வருஷக்கணக்கில் சரக்கு கொண்டுபோனவர். இறக்கிய கையோடு வண்டியைத் திருப்ப வேண்டும், ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. இப்போது அவருக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் அவள் அடிக்கடி சொல்லிப் புலம்புவாள். டிபன் பாக்ஸிலிருந்து தலையை நிமிர்த்தாமல் இவனும் கேட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை காலை மாடி முழுக்கச் சிவந்தது. ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கதவருகே அக்கா வந்து நின்றாள்.

"வாங்கக்கா, நீங்களுமா? வகுப்புல டீ உண்டு, பயப்படாதீங்க."

அவள் சிரிக்கவில்லை. "திரையில என்னமோ சிவப்பா வருது தம்பி. அது கிடக்கட்டும். டிக்கெட் எப்ப கைக்கு வரும்?"

"டிக்கெட்டே கிடையாதுக்கா. அந்த மெயில் நான் எழுதினது."

பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள். மங்குகிற கண்ணுக்கு ஆபரேஷன் குறித்திருந்ததும் இந்தப் புதன்கிழமைதான். காத்துக் கிடந்து வாங்கிய தேதி. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் மெயிலைப் படித்துக் காட்டியதும் வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வேறு நாள் கொடுங்கள் என்றுவிட்டார்.

"ஆபரேஷன் கைகொடுக்கலேன்னா என்ன பண்றது, இருக்கிற கண்ணால ஒரு தடவை பாத்துடறேன்னார். நானும் சரின்னுட்டேன் தம்பி."

அவன் வண்டிச் சாவியை எடுத்தான்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அந்த இடம் அன்றைக்கே வேறொருவருக்குப் போய்விட்டது. அவரும் பார்வை போய்க்கொண்டிருப்பவர். வார்டில் படுத்திருக்கிறார். அவரிடம் போய் என்னவென்று கேட்பது? டாக்டர் இவனைக் காய்ச்சி எடுத்துவிட்டு, யாராவது வராவிட்டால் கூப்பிடுகிறேன் என்றார். அவன் தினமும் போய் நின்றான்.

கூப்பிட்டார்கள். அதற்குள் டிரைவரின் கண்ணில் முழுசாகத் திரை இறங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, டிரைவரை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துப் பேசினார்.

அவர்கள் வீட்டுக்குப் போக அவனுக்குத் தைரியம் வரச் சில வாரங்கள் ஆயின. ஒற்றை அறை. கட்டிலடியில் பயணப் பை அப்படியே இருந்தது. ஜிப் பாதி திறந்து, விலைச்சீட்டு பிரிக்காத கம்பளிக் குல்லா ஒன்று எட்டிப் பார்த்தது.

"வடிகட்டித் தம்பியா? உக்காருங்க," என்றார் டிரைவர். "என்னை ஏமாத்தினவங்க எத்தனையோ பேர். வீடு தேடி வந்தது நீங்க ஒருத்தர்தான்."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பை அவன் ஆரம்பித்தான். பேச விடாமல் அவர் கையமர்த்தினார். அந்த மெயிலை ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார்.

அவன் போனை எடுத்துப் படித்தான். ஓரிடத்தில் குரல் தாவியது.

"இன்றே உறுதி செய்யவும்னு ஒரு வரி வருமே. அதை விட்டுட்டீங்க."

அதையும் படித்தான். அக்கா எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மேகம் காலுக்குக் கீழே போகும்னு எழுதியிருக்கீங்களே. நீங்க மேலே போயிருக்கீங்களா தம்பி?"

"இல்லைங்க." அவனால் நிமிர முடியவில்லை. "ஒரு படத்தைப் பாத்து எழுதினேன்."

டிரைவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் ஒரு லாரி கியர் மாற்றி மேடேறிப் போய்த் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை," என்றார். "மேகம் வர்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க."