கண்மாயில் கோல் விட்டவர்கள்

என் கணவர் தபாலில் அனுப்பும் கடிதங்களில் எப்போதும் ஓட்டைகள் இருக்கும். ஊர்ப் பெயர், கடல், வேலை எது வந்தாலும் தணிக்கைக்காரர் அந்த இடத்தைக் கத்தரித்துவிடுவார். இலங்கையில் எங்கோ இருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. ராஜபாளையம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர், நாற்பத்திரண்டில் கடற்படை வேலைக்கு ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளியில் டீச்சர். கண்மாய்க் கரைக்குக் கீழே உள்ள வீட்டு வரிசையில் தனியாக இருந்தேன்.

ஓட்டையில்லாத கடிதம் ஒன்றே ஒன்று வந்தது. அவரோடு வேலை பார்க்கும் தளவாய்புரத்துத் தங்கச்சாமி, லீவில் வந்தபோது சோப்பு உறைக்குள் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"படிச்சிட்டு அடுப்புல போட்டுரச் சொன்னாவ டீச்சர். மாட்டுனா அவியளுக்கும் ஜெயிலு, எனக்கும் ஜெயிலு."

நான் அடுப்பில் போடவில்லை. பைபிளின் துணி உறைக்குள் செருகி வைத்தேன்.

"அமிர்தம், இது கடல் உள்ளே புகுந்து ஏரிபோல் நிற்கும் ஒரு கடற்கழி" என்று எழுதியிருந்தார். "தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் விமானங்கள் இங்கே நிற்கின்றன. கழுத்தளவுத் தண்ணீரில் நின்று விமானத்தின் வயிற்றில் சக்கரம் மாட்டி, டிராக்டரால் கரைக்கு இழுப்பது என் வேலை. காற்றில்லாமல் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தால் விமானம் எழும்பாது, தண்ணீர் பிடித்துக்கொள்ளும். மோட்டார் படகை முன்னால் ஓட்டி நாங்களே அலை கிளப்பிவிட வேண்டும்.

"இங்கே முன்பு ஒரு ஊர் இருந்தது. முதலில் இரண்டு பேர் தோணியில் வந்து கோல் விட்டு ஆழம் பார்த்தார்களாம். எட்டாம் நாள் கதவுகளில் சுண்ணாம்பால் எண் போட்டார்களாம். அதிலிருந்து மூன்றாம் நாள் ஊர் காலி. நான் வந்தபோது வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இடித்தேன். ஒருத்தி திரும்பி வந்து, வாசல் நிலையை மட்டும் பெயர்த்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டாள். நேரமில்லை என்றுவிட்டார்கள். அந்த நிலைச் சட்டம் இப்போது விமானத்துக்கு முட்டுக் கொடுக்கக் கிடக்கிறது. வைத்தது நான். அதில் கதவைப் பூட்டும் கொண்டி இன்னும் தொங்குகிறது. காற்றடித்தால் ஆடிச் சத்தம் போடுகிறது. இதை யாருக்காவது சொல்லாமல் இருக்க முடியவில்லை."

இதற்கு நான் பதில் எழுத முடியாது. எழுதினால் கடிதம் வந்தது தெரிந்துவிடும். மனது ஓரிடத்தில் நிற்காமல் போனது. கரும்பலகையில் பாதி வாக்கியம் எழுதிவிட்டு மீதியை மறந்து நின்றேன்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, பள்ளி விட்டுக் கரைமேல் வந்துகொண்டிருந்தேன். கண்மாய்க்கு நடுவில் ஒரு தெப்பம். அரைக்கால் சட்டை போட்ட இரண்டு பேர் நீளமான கோலைத் தண்ணீருக்குள் விட்டார்கள். ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் நோட்டில் எழுதினார். கரையில் மாடு மேய்த்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் மட்டும் எட்டாம் நாள் எது என்று விரல்விட்டு எண்ணினேன்.

வரிசையில் கடைசி வீடு சண்முகத்தாயக்காவுடையது. அவளும் அவள் புருஷன் சிவனாண்டியும் பழைய குடிசைக்கு முன்னால் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நிலை வைப்பதாக இருந்தது. கூமாப்பட்டியிலிருந்து வண்டியில் கொண்டுவந்த வாகைமரச் சட்டம் மஞ்சள் பூசிச் சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்க்காமல் அந்த வழியே நடக்க முடியாது. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள். சிவனாண்டியின் தம்பி சின்னக்கருப்பன் போலீஸில் ஏட்டு. சொல்லாவிட்டால் எட்டாம் நாள் புதுக் கதவில் சுண்ணாம்பு எண் விழும். என் கணவருக்கு ஜெயிலா, இவளுக்கு வீடா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். வியாழக்கிழமை மாலை என்னையறியாமல் அவள் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, நாளைக்கு நிலை வைக்காண்டாம்."

"ஏன்ட்டி? உங்க வேதத்துல வெள்ளிக்கெழம ஆகாதோ?"

"இந்தக் கண்மாய்ல ஏரோப்ளேன் இறங்கப் போவுது. நம்ம வரிசையக் காலி பண்ணிருவாவ."

"ஏரோப்ளேன் என்ன நாரையா, தண்ணியில எறங்க?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கோல், எட்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் சொன்னேன். யார் சொன்னார்கள் என்று கேட்டாள். நான் சாய்ந்திருந்த சட்டத்தைப் பார்த்தேன். செத்த நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, மறுபடி கேட்காமல் உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை நிலை வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று கேட்டவர்களிடம் நான் சொன்னதைச் சிவனாண்டி சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு வீட்டுப் பாத்திரங்கள் செட்டியார்பட்டிக்கு வண்டி ஏறின. ஒருவர் முற்றாத பயறைக் கொடியோடு பிடுங்கிவிட்டார். மத்தியானம் சின்னக்கருப்பன் சைக்கிளை என் வாசலில் நிறுத்தினார். பின்னால் வரிசையே வந்து நின்றது.

"டீச்சரம்மா, அந்த ரெண்டு பேரும் மராமத்து இலாகா. மதகு ஒழுகுதுன்னு ஆழம் பாக்க வந்தாவ. இங்க என்னன்னா ஊரே மூட்டை கட்டுது."

எனக்கு வெட்கம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது.

"யுத்த வதந்தி கெளப்புனா என்ன ஆகும்னு தெரியும்லா? யாரு சொன்னா? ஐயா லெட்டர்ல எழுதுனாவளா?"

பைபிள் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் திரும்பவில்லை. பெட்டியைத் திறந்து தபாலில் வந்த கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றை விரித்து ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"எலி கடிச்ச மிச்சம்லா இருக்கு. அப்ப யாரு சொன்னது?"

"நானா நெனச்சுக்கிட்டதுதான்."

"புருசன் பக்கத்துல இல்லாம புத்தி கலங்கிப் பேசிட்டாவன்னு எழுதிக்கிடட்டுமா? இல்லன்னா கேஸு போடணும்."

"எழுதிக்கோங்க."

எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். பயறு பிடுங்கியவர் தெருவில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தார். திங்கட்கிழமை பள்ளியில் என்னிடமிருந்த ஐந்தாம் வகுப்பை வேறு டீச்சருக்கு மாற்றியிருந்தார்கள். தெருவில் பிள்ளைகள் இரண்டு கையையும் விரித்து ஓடிவந்து என் வாசலில் இறங்கிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சண்முகத்தாயக்கா வீட்டில் நிலை வைத்தார்கள். குலவைச் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன் உட்கார்ந்தேன். எரிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் பயமாக இருந்தது. எரித்துவிட்டால் அவர் சொன்னது என்னிடம் மட்டும்தான் இருக்கும், என்னையோ புத்தி கலங்கியவள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

சண்முகத்தாயக்கா காப்பரிசிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். என் கையைப் பார்த்தாள்.

"இதுல ஓட்டையக் காணோமே."

நான் மறைக்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. பொய் சொல்லுதவ எட்டாம் நாளு, மூணாம் நாளுன்னு நாளு வச்சா சொல்லுவா? படி, கேப்போம்."

படித்தேன். விமானம் எழும்ப அலை கிளப்பும் இடத்தில் "நல்ல கூத்து" என்றாள். நிலையைப் பற்றி வந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொம்பள பேரு எழுதியிருக்கா?"

"இல்ல."

"கொண்டியோடயா கெடக்கு?"

"ஆமா."

படித்ததும் எரித்துவிடும்படி அவர் சொல்லியனுப்பியதையும் சொன்னேன். "அப்ப அண்ணாச்சி சொன்னபடி அடுப்புல போட்டுரு. எங்க கொழுந்தன் மறுபடி வந்தாலும் வருவாரு. நானும் கேட்டுட்டேன்லா" என்றாள். அவளே முனையைப் பிடித்துக் கங்கில் வைத்தாள். தாள் சுருண்டு கறுக்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போகும்போது, "வந்து நிலையப் பாரு. பேசுதவன் பேசட்டும்" என்றாள்.

போனேன். பிறகு வீட்டுக்கு வந்து அவருக்கு எழுதினேன்.

'சண்முகத்தாயக்கா வீட்டில் நிலை வைத்தார்கள். நல்ல சட்டம். காற்றடித்தால் கொண்டி ஆடுகிற சத்தம் எனக்கும் கேட்கிறது. அக்காவுக்கும் கேட்கிறதாம்.'

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கத்தரிக்க அதில் ஒரு சொல் இல்லை. தபால் மூட்டை கட்டும் நேரமாகிவிட்டது என்று செருப்புக்கூடப் போடாமல் நடந்தேன். இது அவரை அமைதிப்படுத்துமா, இன்னும் கலக்குமா என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை. பெட்டியில் போட்டேன்.