எந்தப் பக்கத்துக் குற்றம்

என் மகள் சுஜிதாவுக்கு இருப்பது ஆட்டிசம் என்று நாமக்கல்லில் டாக்டரம்மா சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அது யாரால் வந்தது என்பதில்தான் சண்டை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மூளை வளர்கிற விதமே வேறாக இருக்கிறது. பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அது இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம். சிலருக்குக் கர்ப்பகாலச் சிக்கல்களும் சேரும். இந்தப் பிள்ளைக்கு இதனால்தான் என்று ஒன்றைக் காட்ட முடியாது. வளர்த்த விதம் காரணமில்லை, தடுப்பூசியும் காரணமில்லை. பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. திங்கட்கிழமை ஓர் இடம் காலியாகிறது. வராவிட்டால் வேறு குழந்தைக்குப் போய்விடும்.

என் கணவர் கதிர்வேல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மலையேறி வீட்டுக்கு வந்ததும் தன் அம்மாவிடம் சொன்னது ஒன்றுதான்.

"எதனாலன்னு டாக்டருக்கே தெரியலியாம்மா."

மாமியார் பாப்பாயிக்குத் தெரிந்திருந்தது. "எதனாலயா? ஒண்ணர வயசுல இவ கூட்டிட்டுப் போயி ஊசி போட்டா. அம்மா, தண்ணின்னு சொல்லிட்டிருந்த புள்ள வாயடச்சுப் போச்சு. வேண்டாம்னேன். படிச்ச திமிரு, கேக்கல."

"அந்த வயசுலதான் இது வெளிய தெரியுமாம், அத்தே. ஊசியும் அப்பத்தான் போடறாங்க. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, அவ்வளவுதான்."

"நீ என்ன டாக்டரா?"

குற்றம் என்று பேச்சு வந்துவிட்டால், எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார வேண்டும். ஒரு பக்கம் தப்பை ஏற்று விழுந்து கும்பிட்டால் தீர்ந்தது. அப்புறம் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. தீரும்வரை அந்த வீட்டில் புதுக் காரியம் எதுவும் தொடங்க மாட்டார்கள். பயிற்சியும் புதுக் காரியம்தான் என்றார் மாமியார்.

சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தோம். என் பக்கத்துக்கு, மலையின் இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டிலிருந்து தம்பி சந்தோஷ்குமார் வந்திருந்தான். சுஜிதா ஓரமாக உட்கார்ந்து பலாக்கொட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி, "கண்ணு, இங்க வா சாமி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"ஏம்மா ஆர்த்தி, ஊசிய நீதான் போட வெச்சியா?"

"ஆமாங்க. ஆனா அதனால இல்லீங்க."

"அப்ப எதனால?"

"இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க."

பின்னாலிருந்து ஒருவர், "இதக் கேக்கத்தான் நாமக்கல்லு வரைக்கும் பஸ் ஏறிப் போனீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கணவரைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்ட இன்னோர் ஆள் அவர் மட்டும்தான். ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

கவுண்டர் குரலைத் தணித்தார். "ஊசிதான்னு ஒரு வார்த்த சொல்லி விழுந்து கும்பிட்டுரு சாமி. திங்கக்கெழம தாராளமா புள்ளயக் கூட்டிட்டுப் போ."

ஒரு பொய்தானே. எனக்கு வேண்டியது பயிற்சி. எழுந்துவிட்டேன். அப்போது கணவரின் தம்பி மனைவி சுமதி, மடியிலிருந்த கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு, "அப்ப இனி நர்சம்மா வந்தா நான் ஊட்டுக் கதவப் பூட்டிக்கறேன்" என்றாள்.

சுமதியைத் திரும்பிப் பார்த்தேன். போன மழைக்காலத்தில் பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குத் தட்டம்மை வந்து, மூச்சிரைக்க இரைக்க மலை இறக்கியதை அவளும்தான் பார்த்தாள். ஊசி போடாத பிள்ளை அது.

"ஊசி இல்லீங்க," என்றேன். "எங்க வகையறா ரத்தம்னு வெச்சுக்குங்க." சொல்லிவிட்டு விழுந்தேன்.

"இதச் சொல்லவா இத்தன நேரம்?" என்றார் மாமியார். குரலில் கோபமே இல்லை.

"தீந்துது. இனி யாரும் இதப் பேசப்படாது," என்று கவுண்டர் துண்டை உதறினார்.

"சுமதி புள்ளைக்கு ஊசி போடலாமுங்களா?" எழுந்ததும் அதைத்தான் கேட்டேன்.

"அதுக்கென்ன, போடுங்க."

தம்பி என்னைத் தனியே இழுத்துப் போனான். "என்னக்கா பண்ணி வெச்சிருக்க? ரத்தத்துலயே குறைன்னா எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"ரெண்டு பக்கமும்னுதான்டா டாக்டரம்மா சொன்னாங்க."

"அத அங்க சொல்லிருக்கணும். இப்ப பேசவே கூடாதுங்கறாங்க. போ, நல்லா இரு." அவன் சாப்பிடக்கூட இல்லை. வண்டிச் சத்தம் வளைவில் மறைந்தது.

கூட்டம் கலைந்த பிறகு கதிர்வேல் சுஜிதாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஒரு வழியா நல்லபடியா முடிஞ்சுதில்ல? திங்கக்கெழம மொதல் பஸ்ஸுக்கே கெளம்பிரலாம். நானும் வாரேன்."

"நீங்க எதுக்கு?" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.