நாற்பது செகண்ட்

எட்டரைக்குள் கார்டு தேய்க்காவிட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் எண்ணூறு பெண்கள் வெயிலில் நின்றார்கள். மெஷின்களோ ஒவ்வொரு கார்டுக்கும் யோசித்து யோசித்துப் பச்சை விளக்கைக் காட்டின. "இன்னா மேடம், உங்க கம்ப்யூட்டர் இன்னும் தூங்குதா?" என்று தையல் பிரிவு முத்துமாரி ஜன்னல் வழியாகக் கேட்டாள். கம்ப்யூட்டர் அறையில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எப்சிக்குச் சுருக்கென்றது.

லினக்ஸ் சர்வர் எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது என்று தேடினாள். மெமரியைக் கூட்டிப் பார்த்தாயிற்று, ஒரு பிரயோஜனமும் இல்லை. டேட்டாபேஸிடம் யாரோ கேட்டு வைத்த ஒரே ஒரு கேள்வி, ஒரு குவெரிதான், நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து, எழுபது லட்சம் வருகைப் பதிவுகளையும் முதலிலிருந்து புரட்டி, நாற்பது செகண்ட் கழித்து வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. அது கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: 4417ஆம் கார்டு மறுபடி எங்காவது தேய்க்கப்பட்டதா?

அது யார் கார்டு என்று பார்த்தாள். பூரணி, தகப்பனார் நாகேந்திரன். இந்த டேட்டாபேஸைக் கட்டிய நாகேந்திரன் சார் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலை அவர் மகள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இதே வாசலில் இறங்கினாள். கார்டு தேய்க்கவில்லை. அதற்குப் பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை.

குவெரியை நிறுத்த எப்சிக்கு மனம் வரவில்லை. நிறுத்தினால் அந்தப் பெண்ணைத் தேட இந்த உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்று பட்டது. கார்டு எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டால் போதும், எல்லாவற்றையும் புரட்டாமல் நேரே போய்ப் பார்த்துவிடும். பாம்பும் நோகாது, கம்பும் நோகாது. இத்தனை தெரிந்த மனுஷர் இதை ஏன் போடாமல் விட்டார் என்று ஒரு கணம் உறுத்தியது. வரிசை நீண்டுகொண்டே போனதால் போட்டுவிட்டாள்.

ஒன்றரை நிமிஷத்தில் பச்சை விளக்குகள் மளமளவென்று எரிந்தன. பெண்கள் உள்ளே ஓடினார்கள்.

"சார், உங்க குவெரிய நிறுத்தல. வேகமாத்தான் ஆக்கியிருக்கேன்."

அவர் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. எப்சிக்கு அதுதான் பயமாக இருந்தது.

"முன்னாடி நாப்பது செகண்ட் ஆவும்மா," என்றார். "அது தேடினு இருக்கிற வரைக்கும், இந்த வாட்டி வந்துட்டாளோன்னு இருக்கும்."

எட்டு இருபத்தொன்பது ஆனது. குவெரி எழுந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதற்குள் திரையில் பதில் வந்து நின்றது: பூஜ்யம்.