ரைனியர் அளந்த அறுபது மைல்

1
இந்தக் கதை ஒரு வெட்கத்தில் பிறந்தது. ஆம்ஸ்டர்டாமில் என் அறைச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து, வடகோடியில் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள் ஸ்பெயினைவிடப் பெரியவை என்று ஆறு வருடம் நம்பியிருந்தேன். உண்மையில் ஸ்பெயினில் எட்டில் ஒரு பங்குதான். நான் ஏமாந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்படி ஏமாந்தால் உயிர் போகும் என்ற நிலையில் யாராவது இருந்தால்?

அங்கேதான் ஹில்லே வந்தாள்.

2
முதல் தொடக்கம்: ‘1643, மார்ச். கால்வாயின் மேல் வெளிச்சம் ஒரு—’

அடித்துவிட்டேன். ஹில்லேக்கு அன்று கால்வாயைப் பார்க்க நேரமில்லை.

அவள் உலக உருண்டை செய்பவள். அச்சடித்த பன்னிரண்டு காகிதக் கீற்றுகளைச் சுண்ணப் பந்தின்மேல் ஒட்டுவது அவள் வேலை. ஒவ்வொரு கீற்றும் நடுவில் அகலம். இரண்டு நுனியிலும் ஊசி. போன கோடையில் திமிங்கல வேட்டைக்குப் போன அவள் கணவன் எவெர்ட்டையும் இன்னும் இருவரையும் ஸ்பிட்ஸ்பெர்கனின் ஒரு தூர விரிகுடாவில் விட்டுவிட்டுக் கப்பல் திரும்பிவிட்டது. நாளை அதே கப்பல் மறுபடி வடக்கே போகிறது. விரிகுடாப் பக்கம் போகாதாம்.

ஒட்டாத கீற்றுகளைச் சுருட்டிக்கொண்டு கப்பல் முதலாளி ரைனியர் வீட்டுக்குப் போனாள்.

3
ரைனியர் கடல்வரைபடத்தில் கப்பல் போய்த் தங்கும் வேட்டை முகாமுக்கும் விரிகுடாவுக்கும் நடுவே கவராயத்தை விரித்து, படத்தின் அடியிலிருந்த அளவுகோலில் வைத்தார்.

“அறுபது மைல், ஹில்லே. பனிக்குள்ள அவ்வளவு தூரம் போய்த் திரும்பினா வேட்டைக்காலமே போயிடும்மா.”

கேப்டன் ஷூர்ட் பாலாடைக்கட்டியை மென்றுகொண்டிருந்தான். “பசை கிண்டுறவ கப்பலோட்ட வந்துட்டா! உருண்டைய உருட்டிக்கிட்டே போயிடலாம்னு நெனப்பு.”

“வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு,” என்றாள் ஹில்லே.

கீற்றுகளை மேஜையில் பக்கம் பக்கமாக அடுக்கினாள். நிலநடுக்கோட்டில் ஒன்றையொன்று தொட்டன. வடக்கே போகப் போகச் சீப்புப் பல்லாக விலகின.

“என் கீத்துல இவ்ளோ இடைவெளி இருக்கு ஐயா. உங்க படத்துல இல்லையே. எங்க போச்சு?”

ரைனியர் குனிந்து பார்த்தார். “நெரப்பிட்டாங்களா?”

“நாட்டையெல்லாம் இழுத்து நெரப்பிட்டாங்க. பக்கவாட்டுல மட்டும் இழுத்தா திசை கெட்டுப்போகும். அதனால மேலவாக்குலயும் அதே அளவு இழுத்திருக்காங்க. திசைக்கு இந்தப் படம் தங்கம். தூரத்துக்கு அடியில இருக்கற அளவுகோல் ஆகாது. விரிகுடா எந்த உயரத்துல இருக்கோ, அந்த உயரத்துலயே ஓரத்துப் பாகைக்கோட்டுல வச்சுப் பாருங்க. ஒரு பாகைக்கு நம்ம டச்சு மைல் பதினஞ்சு.”

கவராயம் நகர்ந்தது. ஒரு பாகைகூட இல்லை.

“பன்னெண்டு,” என்றார் ரைனியர். காற்று வாய்த்தால் ஒரு பகல்.

4
[வாசகர் கேட்பார்: கேப்டனுக்கு இது தெரியாதா? தெரியும். எந்த மாலுமிக்கும் தெரியும். முதல் வரைவில் அவனை முட்டாளாக்கினேன், இரண்டாவதில் கொடியவனாக்கினேன். இரண்டும் ஒட்டவில்லை. மூன்று பேரை விட்டுவிட்டு வந்தவன் அவன். முதலாளி தப்பாக அளந்தபோது, அந்த அறுபது மைல் அவனுக்கு நிம்மதியாக இருந்தது. பேசாமல் இருந்துவிட்டான்.]

“உனக்குத் தெரியும்ல?” ரைனியர் திரும்பினார்.

“அன்னிக்குப் பனி மூடிருச்சு ஐயா...”

“நான் தூரத்தக் கேட்டேன்.”

ஷூர்ட் பாலாடைக்கட்டியைக் கீழே வைத்தான்.

5
ஒரு முடிவில் எவெர்ட் தாடியெல்லாம் பனியோடு சிரித்தபடி— இல்லை. இன்னொன்றில் குடிசைக்கு வெளியே மூன்று சிலுவைகள். (மூன்றாவதை நட்டது யார்? அதையும் அடித்தேன்.)

“உத்தரவா எழுதிக் குடுங்க,” என்றாள் ஹில்லே. “எழுதிட்டுச் சத்தமாப் படிங்க. இவரு காதுல விழட்டும்.”

“அங்க யாரும் இல்லாமப் போனா, ஹில்லே?”

“இல்லன்னு பாத்துட்டு வந்து சொல்லட்டும். பாக்காமச் சொல்லக் கூடாது.”

விரிகுடாவில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது. நான் அங்கே யாரையும் வைக்கவில்லை. வைப்பதானால் நீங்கள் வையுங்கள். ஆனால் சற்றுப் பொறுங்கள். ரைனியர் இப்போதுதான் இறகுப்பேனாவை எடுத்திருக்கிறார். முதலில் கையெழுத்து விழட்டும்.